அவள் மூச்சு வாங்கட்டும்

சங்கு குளிக்கப் போன ஆள் கடலிலிருந்து மேலே வரும்போது எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். என் தாய்மாமா தூத்துக்குடியில் அந்தத் தொழில் செய்தவர். தலை வெளியே வந்ததும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்குவார். வாய் திறந்திருக்கும், தோள் ஏறி இறங்கும். அப்புறம் தலையைச் சாய்த்து, உள்ளங்கையால் தட்டிக் காதுத் தண்ணீரை இறக்குவார். இடுப்பில் கட்டிய வலைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். இதெல்லாம் ஆன பிறகுதான் எங்கள் பக்கம் திரும்புவார்.

போன வருடம், பெங்களூரில் நான் வேலை பார்க்கும் கேம் ஸ்டுடியோவில் முத்துக்குளிக்கும் பெண் ஒருத்தி என் கைக்கு வந்தாள். (எங்கள் கடலில் முத்துக்குளித்தவர்கள் ஆண்கள்தான். கதைக்காகப் பெண்ணாக்கியிருந்தார்கள், எனக்கு அது பிடித்தும் இருந்தது.) நான் அனிமேட்டர். ஆடுகிறவர் எந்தப் பட்டனையும் தொடாமல் விட்டால் பாத்திரம் சும்மா நிற்குமே, அதை ஐடில் என்போம். அந்த நிற்பில்தான் ஒரு பாத்திரம் யாரென்று தெரியும். மாமாவை அப்படியே அவளுக்குக் கொடுத்தேன். முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டிய சேலை, திறந்த தோள், உடம்பெல்லாம் ஈரம். மூச்சு வாங்குகிறாள், காதைத் தட்டுகிறாள், கூந்தலைப் பிழிகிறாள், பையைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறாள். அழகாக இருந்தாள் என்று மழுப்ப வேண்டாம், செக்ஸியாக இருந்தாள். நான் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன்.

ரிவ்யூவில் "இன்னும் கொஞ்சம் கவர்ச்சி சேர்க்கலாமே" என்றார்கள். உடையில் யாரும் கை வைக்கவில்லை, ஒரு நூல்கூடக் குறையவில்லை. காமிராவைக் கணுக்காலில் ஆரம்பித்து, இடுப்பில் கொஞ்சம் நிறுத்தி, கடைசியில் முகத்துக்குக் கொண்டுபோனார்கள். முதுகை வளைத்து, முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் தெரிகிற மாதிரி திருப்பினார்கள். பாத்திரத்தை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூட்டை ரிக் என்போம். அதில் மார்புக்கென்று தனி எலும்புகள் உண்டு, அவற்றைத் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்பில் ஆடவிட்டார்கள். அந்த லூப்பை ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டிப் பார்த்தேன். மார்பு ஏறி இறங்குகிறது, விலா அசையவில்லை. தோள் ஏறவில்லை, வயிறு உள்ளே போகவில்லை, வாய் மூடியிருக்கிறது. கடலடியிலிருந்து இப்போதுதான் வந்தவள், மூச்சே விடவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குள் இருந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டு, உடம்பை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கவர்வது ஒருவர் செய்கிற காரியம். முந்தைய நிற்பில் அவள் கவர்ந்தாள். பிந்தையதில் கவர்ச்சி அவள் மேல் பூசப்பட்டது. பள்ளியில் படித்த செய்வினையும் செயப்பாட்டுவினையும்தான் இது. சினிமாப் பத்திரிகைகள் 'கவர்ச்சி நடிகை' என்று எழுதி எழுதி, நம் காதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சில்க் ஸ்மிதாவின் ஆட்டப் பாடல்களையும், அவர் நடித்து 1981இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை'யையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டிலும் அவருடைய அதே கண்தான். ஒன்றில் காமிரா அவரைத் துண்டு துண்டாக்கிக் காட்டுகிறது, மற்றதில் அவர் முகத்துக்காகக் காத்திருக்கிறது.

உடன் வேலை செய்யும் ஒருவர், நல்லவர்தான், "பேசாமல் முழுக்கை ஜாக்கெட் போட்டுவிடேன், பிரச்சினை முடிந்தது" என்றார். இல்லை, முடியாது. குளிக்கப் போகிறவளுக்கு ஜாக்கெட் எதற்கு? அவள் தோள் தெரிவதில் ஒரு குற்றமும் இல்லை. ஜாக்கெட் போட்டாலும் அந்தக் காமிரா காலிலிருந்துதான் ஏறும்.

2015இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 5' விளையாட்டில் குவைட் என்று துப்பாக்கிக்காரி ஒருத்தி வருவாள். பிகினி மாதிரி ஒரு மேலாடை, கிழிந்த காலுறை. தோல் வழியாக மூச்சுவிடுகிறாள், அதனால் உடம்பை மூடக் கூடாது என்று கதையில் காரணம் சொல்கிறார்கள். சரி. ஆனால் அதே வரிசையில் 2004இல் வந்த விளையாட்டில், ஒளிச்சேர்க்கையால் உயிர்வாழும் கிழவர் ஒருவர் இருக்கிறார். அவரும் குறி பார்த்துச் சுடுகிறவர்தான். அவர் உடம்பு நிறைய உடுத்தியிருக்கிறார்! அதனால் அந்தக் காரணத்தை என்னால் நம்ப முடியவில்லை. 2009இல் வந்த 'பயோனெட்டா' விளையாட்டின் நாயகிக்குக் கூந்தலே உடுப்பு, பெரிய அடி கொடுக்கும்போது அது உடம்பை விட்டு விலகும். ஆனால் அவள் சீண்டுகிறாள், ரசிக்கிறாள், ஆட்டமே அவள் கையில் இருக்கிறது. அவளை வடிவமைத்த மாரி ஷிமாசாகி ஒரு பெண். காமிரா அவளிடமும் சில இடங்களில் அத்துமீறுகிறது, அது எனக்கு உறுத்தல். இருந்தும் அவளைப் பிடிக்கும்.

ரிவ்யூ நடந்த அந்த வாரக் கடைசியில் அம்மா பெங்களூர் அல்சூரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். மனசு சரியில்லை என்று இரண்டு பேரும் பேலூர் கிளம்பினோம். சென்னகேசவர் கோயில், 1117இல் விஷ்ணுவர்த்தன் எடுப்பித்தது. கூரைச் சரிவுக்குக் கீழே சாய்ந்து நிற்கும் மதனிகைகள் என்ற பெண் சிற்பங்களை அண்ணாந்து பார்த்தோம். கண்ணாடி பார்க்கும் பெண்ணின் கீழே அம்மா வெகுநேரம் நின்றாள். அந்தச் சிற்பத்தில் துணியைவிட நகைதான் அதிகம். ஒரு பக்கம் இடுப்பை ஒடித்து, எடை முழுவதையும் ஒரு காலில் போட்டு, கையிலிருக்கும் கண்ணாடியில் முகம் பார்க்கிறாள். அந்த எடையை நான் தொழில்காரியாகப் பார்த்தேன். எங்கும் பொய் இல்லை, அந்தக் காலை எடுத்தால் அவள் விழுவாள்.

அம்மா சொன்னாள், "அவ பாட்டுக்கு நிக்கா, பாரேன்."

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் 'பாட்டுக்கு' என் கூடவே வந்தது.

திங்கட்கிழமை இரண்டு வீடியோவையும் அருகருகே வைத்து மறுபடி காட்டினேன். கவர்ச்சி வேண்டாம் என்று வாதாடவில்லை. இவள் மூச்சு விடுகிறாள், அவள் விடவில்லை, பாருங்கள் என்றேன். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முதுகு நேரானது. மார்பு லூப் போய், விலாவோடு சேர்ந்த மூச்சு வந்தது. காதைத் தட்டுவது மட்டும் நீளம் என்று பாதியாக வெட்டினார்கள், பரவாயில்லை. பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் வரும் காமிரா மட்டும் இன்னும் கணுக்காலில்தான் ஆரம்பிக்கிறது. அடுத்த அப்டேட்டுக்கான பட்டியலில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.