மைடோ இறக்கத்துக்கு கேமரா நெஞ்சில்தான்

இங்கே இந்தியப் பெருங்கடல் தீவான ரியூனியனில் மைடோ மலையுச்சி ஏறக்குறைய 2,200 மீட்டர். அங்கிருந்து கடலோரம் வரை சைக்கிளில் இறங்குவதைப் படம்பிடிக்க, கேமராவை ஹெல்மெட்டில் மாட்டினால் சரிப்படாது. செங்குத்துச் சரிவும் சமதரை மாதிரி தெரியும். நெஞ்சுப்பட்டையில் மாட்டினால் கைகளும் ஹேண்டில்பாரும் படத்துக்குள் வரும், வேகம் உறைக்கும்.

பலரும் கோட்டைவிடுவது கோணத்தில். நிமிர்ந்து நின்று சரிபார்த்தால், குனிந்து ஓட்டும்போது பதிவாவது முன்சக்கரமும் மண்ணும்தான். கேமராவைத் தலைகீழாக மாட்டுங்கள், அப்போதுதான் மேல்நோக்கி நன்றாகச் சாய்க்க முடியும். பெடலில் எழுந்து, முழங்கை மடக்கி நில்லுங்கள். ஹேண்டில்பார் படத்தின் அடிப்பகுதியில் தெரிந்தால் திருகை இறுக்கலாம். 10 விநாடி எடுத்துப் பாருங்கள்.

பட்டையை மூச்சை நன்றாக இழுத்தபின் இறுக்குங்கள். முதுகில் மாட்டும் தண்ணீர்ப்பையின் உறிஞ்சு குழாயை ஓரமாகச் செருகாவிட்டால் லென்ஸ் முன்னால் ஆடிக்கொண்டே வரும். குப்புற விழுந்தால் கேமரா நெஞ்செலும்பில் இடிக்கும். மார்புக் கவசத்துக்கு மேல் மாட்டுவது நல்லது.

மேலே தாமரின் காடு (நம் புளி இல்லை, வேல வகை). அந்த நிழலில் ஷட்டர் மெதுவாகி, குலுக்கல் நீக்கம் இருந்தும் படம் கலங்கும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) உச்சவரம்பை 1600 வரை ஏற்றுங்கள்.

கடலோர வீட்டில் மூடிய நீர்ப்புகா உறைக்குள் ஈரக்காற்று சிக்கி, உச்சிக் குளிரில் கண்ணாடியின் உள்ளே பனிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உறைக்குள் போட்டால் போதும். குளிர் படாமல் உபரி பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும்.