வைவால முழிச்சதும், ஆயாவோட மீன் சட்டியும்: பானை ரெசிட்யூ டாபிக் எப்படி படிக்கலாம்

ஆர்க்கியாலஜி எம்ஏ முடிக்கப் போறவங்க, யுஜிசி நெட் பரீட்சை எழுதப் போறவங்க, ரெண்டு பேருக்கும் சேத்துதான் எழுதுறேன். டாபிக் பானை ரெசிட்யூ, அதாவது பழைய பானைல ஊறி மிஞ்சுனத வெச்சு அதுல என்ன சமைச்சாங்கன்னு கண்டுபுடிக்கிறது. நா வியாசர்பாடி. வீட்ல இருக்குறது ஒரே ரூம், டிவி ஓடும், குக்கர் விசிலடிக்கும், அதனால எழும்பூர் கன்னிமாரா லைப்ரரில போய் உக்காந்துதான் படிச்சேன், நோட்ஸும் நெறய எடுத்தேன், ஆனா இந்த டாபிக்க மட்டும் கெமிஸ்ட்ரின்னு பயந்து ஒதுக்கி வெச்சிட்டேன். கரெக்டா வைவால, அதான் நேர்ல உக்கார வெச்சு கேக்குற பரீட்சைல, அதையே கேட்டாங்க.

"ஏம்மா, புதிய கற்காலப் பானைல பால் ஊத்துனாங்கன்னு எப்படி சொல்லுவ?" நா தைரியமா "லாக்டோஸ் இருக்கும் சார்"ன்னேன். "சர்க்கரைய பல ஆயிரம் வருஷம் மழத்தண்ணி விட்டு வெக்குமா?"ன்னாரு. அவ்ளோதான், முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்து ஆயா கிட்ட பொலம்புனா அது சிரிக்குது. "ஏண்டி, மீன் சட்டில பால் காய்ச்சுனா கவுச்சி அடிக்காதா, இதுக்கா காலேஜு?" காசிமேட்டுல மத்தி வாங்கியாந்தா ஆயா அதுக்குன்னே வெச்சிருக்குற மண்சட்டிலதான் வெக்கும், அதுல வேற எதையும் வெக்க உடாது. யோசிச்சா மொத்த சப்ஜெக்டும் அதுலயே இருக்கு. மெருகு போடாத மண்பானைல குட்டி குட்டியா ஓட்டை, சமைக்கும்போது கொழுப்பு அதுக்குள்ள எறங்கி மாட்டிக்கும், கொழுப்பு தண்ணில கரையாது, அதான் சர்க்கரை போனாலும் அது நிக்குது. லேப்ல ஒடஞ்ச பானை ஓட்டோட மேல்பக்கத்த சுரண்டி எடுத்துட்டு உள்ள இருந்து சுமாரா 2 கிராம் பொடி பண்ணி, கொழுப்ப பிரிச்சு, அதுல என்னென்ன இருக்குன்னு தனித்தனியா காட்டுற ஜிசி-எம்எஸ் மெஷின்ல உடுவாங்க.

இப்ப மார்க் வாங்குற எடம். பானைல மிஞ்சுறது முக்கியமா ரெண்டு கொழுப்பு அமிலம், 16 கார்பன் பால்மிடிக், 18 கார்பன் ஸ்டியரிக். இது ரெண்டும் பன்னி, ஆடு, மாடு எல்லாத்துலயும் இருக்கு, அப்புறம் எப்படி பிரிக்கிறது? அதுங்களோட கார்பன் ஐசோடோப்ப, அதாவது 13-கார்பன்ங்கிற கொஞ்சம் கனமான கார்பன் எவ்ளோ இருக்குன்னு தனித்தனியா அளந்து, ஸ்டியரிக்கோட அந்த அளவுலேருந்து பால்மிடிக்கோட அளவ கழிப்பாங்க. சுமாரா மைனஸ் 3.1க்கு கீழ போனா பால், மைனஸ் 1லேருந்து அது வரைக்கும் அசை போடுற மிருகத்தோட கறிக்கொழுப்பு, அதுக்கு மேல பன்னி மாதிரி அசை போடாதது. இத மனப்பாடம் பண்ணாதீங்க, நா பண்ணி மறந்தேன். காரணத்த புடிங்க: மாடு புல்லு திங்குது, புல்லோட 18 கார்பன் கொழுப்ப அசைப்பைல இருக்குற நுண்ணுயிருங்க ஸ்டியரிக்கா மாத்திடுது, மடிக்கு ஸ்டியரிக்க சொந்தமா செய்யத் தெரியாது, ரத்தத்துல வர்றத அப்படியே எடுத்துக்கும், ஆனா பால்மிடிக்ல ஒரு பெரிய பங்க அதுவே புதுசா செஞ்சுக்கும். புல்லோட கொழுப்புல 13-கார்பன் கம்மி, அதுலேருந்து வர்ற ஸ்டியரிக்லயும் கம்மி. அதனால பால்ல மட்டும் ரெண்டுத்துக்கும் நடுவுல அவ்ளோ பெரிய எடவெளி.

இத 1998ல பிரிஸ்டல் யூனிவர்சிட்டி எவர்ஷெட் டீம் காட்டுனாங்க. 2008ல அவங்களே 2200க்கும் மேல ஓடுங்கள பாத்து, துருக்கி வடமேற்குல கிமு 7ஆம் ஆயிரமாண்டுலயே பால் புழக்கம் இருந்துச்சுன்னு சொன்னாங்க. போலந்துல ஓட்டை ஓட்டையா இருந்த ஓடுங்கள்ல பால் கொழுப்பு, சீஸ் வடிகட்டுன சல்லடைன்னு 2013ல வந்துச்சு. ஜப்பான்ல ஜோமோன்ங்கிற பழங்காலத்துப் பானை, அதுல பெரும்பாலும் மீன், எனக்கு அதான் ஃபேவரிட், காரணம் சொல்லத் தேவயில்ல. எலும்ப வெச்சு எந்த மிருகம்னு சொல்லிடலாம், எத்தன வயசுல வெட்டுனாங்கன்னு பாத்து பாலுக்கு வளத்தாங்களான்னு ஊகிக்கலாம், ஆனா பால் பானைக்குள்ள வந்துச்சுன்னு நேரா சாட்சி சொல்றது கொழுப்புதான்.

"அப்ப என் சட்டிய ஒடச்சா இன்னாடி வரும்?"னு ஆயா கேட்டுச்சு. நல்ல கேள்வி. பழக்கும்போது தடவுன எண்ணெ, இத்தன வருஷ மீன், கடலெண்ணெ, என்னிக்கோ ஒரு நாள் கருவாடு, எல்லாம் கலந்துதான் வரும். சராசரிதான் கெடைக்கும். அதோட தானியத்துல கொழுப்பு கம்மி, அதனால சோறு, கூழு இதெல்லாம் மெஷின் கண்ணுக்கு சரியா மாட்டாது, கறி அதிகமா சாப்ட்ட மாதிரி தெரியும். மெயின் ஆன்சர்ல இந்த லிமிடேஷன் ரெண்டும் எழுதாம வராதீங்க.

நம்ம நாட்டு உதாரணம் கட்டாயம் வேணும். குஜராத்ல கோட்டடா பட்லின்னு ஒரு சிந்து சமவெளிக் காலத்து ஊரு, அங்க 59 ஓடு பாத்து, பால் புழக்கம் இருந்துச்சுன்னு 2020ல சொன்னாங்க. அதுக்கு அடுத்து வடமேற்கு இந்தியா சிந்து சமவெளி ஊருங்கள்லேருந்து 172 ஓடு, அத பாத்தது ஆராய்ச்சியாளர் சூரியநாராயணன் டீம். இது வந்தப்ப பேப்பர்லாம் "மாட்டுக்கறி சாப்ட்டாங்க"ன்னு தலைப்பு போட்டுச்சு, டீக்கடைலேருந்து எல்லா எடத்துலயும் சண்டை. ஆனா இந்த கொழுப்பு டெஸ்ட் அசை போடுற மிருகம்னுதான் சொல்லும், மாடா எருமையா ஆடான்னு சொல்லாது. அந்த ஊருங்கள்ல கெடச்ச எலும்புல பாதிக்கு மேல மாடு, எருமை, அத சேத்து வெச்சாதான் மாட்டுக்கறின்னு பேசவே முடியும். இன்னொன்னு, நெறய பானை பன்னிக் கொழுப்பு மாதிரி காட்டுச்சு, பன்னி எலும்போ ரொம்ப கம்மி, அதனால செடி எண்ணெ கலந்திருக்கலாம்னு அவங்களே யோசிச்சாங்க. எலும்பையும் பானையையும் பக்கத்துல வெச்சு எழுதுங்க, சும்மா சாப்ட்டாங்க சாப்புடலன்னு எழுதுனா மார்க் வராது.

ஃபீல்டுக்கு போறவங்களுக்கு ஒண்ணு: ரெசிட்யூவுக்கு ஒதுக்குற ஓட்ட பிரஷ் போட்டு கழுவாதீங்க, வெறுங்கைல தொடாதீங்க, பிளாஸ்டிக் கவர்ல போடாம அலுமினியம் ஃபாயில்ல சுத்துங்க. நம்ம கை எண்ணெ, கவரோட கெமிக்கல், எல்லாமே ரிசல்ட்ல வந்து நிக்கும். இதையும் வைவால கேட்டாங்க, இத மட்டும் சரியா சொன்னேன்.

நெட்டுல 150 கேள்வி, 3 மணி நேரம், நெகட்டிவ் மார்க் கெடையாது, எதையும் விட்டுட்டு வராதீங்க. ரெண்டாவது அட்டெம்ப்டுக்கு நா பால், கறிக்கொழுப்பு, பன்னின்னு மூணா பிரிக்கிற அந்த மைனஸ் கணக்க கிராஃபா ஒரு அட்டைல வரஞ்சு சமையக்கட்டு செவுத்துல ஒட்டுனேன், இன்னும் அங்கதான் இருக்கு, ஆயா அதுல பால் கணக்கு எழுதி வெச்சிருக்கு.