பல்லு வலி

பைக்கை ரெண்டு தெரு தள்ளி, ஒரு பழக்கடை முன்னாடி நிறுத்திட்டுத்தான் போனேன். வண்ணார்பேட்டையில யார் கண்ணுலயும் படாம ஒரு இடத்துக்குப் போறது லேசுப்பட்ட காரியமில்ல.

மனநல ஆலோசகர் அறை. சாஞ்சு படுக்க சோபா இருக்கும்னு நினைச்சேன். ரெண்டு நாற்காலி, ஒரு மேசை விசிறி, அவ்வளவுதான்.

கடிகாரம் என் முதுகுக்குப் பின்னாடி. அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஐம்பது நிமிஷம் போனதே தெரியல.

பாதி நேரம் கேள்விதான். தூக்கம் எப்படி, வீட்ல யாருக்காவது இப்படி இருந்ததா, சாகணும்னு தோணிருக்கா?

அந்தக் கடைசிக் கேள்வியை, காப்பிக்குச் சீனி போதுமான்னு கேக்கற குரல்ல கேட்டாங்க. அதனாலதான் பதில் சொல்ல முடிஞ்சது.

சொன்னது வெளிய போகாதாம். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விதிவிலக்கு. மாத்திரை எழுதறது சைக்கியாட்ரிஸ்ட் வேலை, தேவைப்பட்டா அனுப்புவேன்னாங்க.

அறிவுரை ஒண்ணுகூட இல்ல. நம்ம ஊர்ல இப்படி ஒரு ஆளா!

(போன வாரம் ஒரு ராத்திரி 14416-க்குப் பேசினதுல வந்த தைரியம் இது. அரசாங்கத்தோட டெலி மானஸ், மனநல உதவிக்கான போன் நம்பர். காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.)

வெளிய வந்தா மனசு லேசாயிரும்னு நினைச்சேன். இல்ல. பொதிகைமலை ஏறி இறங்கின அசதி.

பைக்கை எடுக்கும்போது பழக்கடை அண்ணாச்சி பிடிச்சுட்டாரு.

"என்ன தம்பி, இந்தப் பக்கம் என்ன சோலி?"

"பல்லு வலி அண்ணாச்சி. வாரம் ஒருக்கா வரச் சொல்லிருக்காங்க."

"ரொம்ப நாளா கவனிக்காம விட்டுட்டியளோ?"

"ஆமா அண்ணாச்சி."