பாலாற்றுப் பக்கத்துப் போர் தண்ணீரும் பாத்திரம் கழுவும் லிக்விடும்

ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் 50 லிட்டர் போர் தண்ணீர் பிடித்து, அதில் ஒரு கிலோ காஸ்டிக் சோடாச் செதில்களை, அதாவது காஸ்டிக் ஃபிளேக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். காவிரித் தண்ணீராக இருந்தால் கரைசல் லேசாக மங்கும், கொஞ்சம் சூடேறும், அவ்வளவுதான். வேலூர் பக்கத்துப் பல போர்களில் எடுத்த தண்ணீரோ சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெளுத்துவிடும். ஒரு ராத்திரி விட்டால் அடியில் வெள்ளைச் சேறு படியும். அந்தச் சேறு தண்ணீரிலேயே இருந்த கால்சியமும் மெக்னீசியமும்தான். காஸ்டிக் பட்டதும் ஒன்று கார்பனேட்டாகவும் மற்றொன்று ஹைட்ராக்சைடாகவும் பிரிந்து விழுகின்றன. இதைப் பார்த்துவிட்டு "காஸ்டிக்கில் கலப்படம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். தண்ணீரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இணையத்தில் கிடைக்கும் பாத்திரம் கழுவும் லிக்விட் ஃபார்முலாக்களில் ஸ்லரி (காஸ்டிக்கோடு சேர்ந்து நுரைச் சரக்காக மாறும் அமிலக் குழம்பு) இத்தனை கிலோ, உப்பு இத்தனை கிராம் என்று இருக்கும். கடைசியில் "மீதி தண்ணீர்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் நூற்றுக்கு எண்பது பங்கு. எந்தத் தண்ணீர் என்று சொல்லாத ஃபார்முலா அரைகுறை ஃபார்முலா. மகளிர் குழுக்கள் கடன் வாங்கி டிரம்மும் ஸ்லரியும் வாங்கி, முதல் பேட்சிலேயே கலங்கிப்போய்க் கைவிடுவது பெரும்பாலும் இதனால்தான். அவர்களுடைய உழைப்பில் குறை ஒன்றும் இல்லை.

முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். எல்லோர் கையிலும் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது, ஆனால் அது கடினத்தன்மையை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதை, காட்டாது. கரைந்த உப்பு மொத்தத்தையும் சேர்த்துத்தான் காட்டும். இரண்டும் வேறு வேறு என்பது நம் பக்கத்தில் ரொம்ப முக்கியம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழில் வட்டாரத்தில் தோலைப் பதப்படுத்தப் போட்ட சோற்றுப்பு பல காலமாக நிலத்துக்குள் இறங்கியிருக்கிறது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது இந்தக் கழிவைப் பற்றித்தான். அங்கே டிடிஎஸ் 2000 காட்டினால் அதில் பெரும் பங்கு சோடியம் குளோரைடாக இருக்கலாம். வேறொரு இடத்தில் அதே 2000-இல் கால்சியம் தூக்கலாக இருக்கலாம். இரண்டு தண்ணீரும் லிக்விடைக் கெடுக்கும், ஆனால் வேறு வேறு விதமாக.

கடினத்தன்மையை அளக்க 50 மில்லி தண்ணீரில் அம்மோனியா பஃபர் 1 மில்லியும் எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி ஒரு சிட்டிகையும் போடுங்கள். ஒயின் சிவப்பு வரும். கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் இடிடிஏ என்ற ரசாயனத்தின் 0.01 மோலார் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனால் சிவப்பு ஊதாவாகி, ஒரு சொட்டில் சுத்த நீலமாகும். விட்ட ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்). 27 மில்லி பிடித்தால் 540. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 வரை நல்லது என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. லிக்விட் செய்கிறவருக்கு 100-க்கு மேல் போனாலே கணக்குப் போட்டாக வேண்டும்.

கணக்கு எளிது. 1 கிராம் கடினத்தன்மையைக் கட்டிப்போட 3.72 கிராம் டைசோடியம் இடிடிஏ தேவை. 540 உள்ள தண்ணீர் 80 லிட்டரில் 43 கிராம் கடினத்தன்மை. அதற்கு 160 கிராம் இடிடிஏ, கொஞ்சம் கூட்டி 180 போடலாம். பேட்சுக்கான தண்ணீர் முழுவதிலும் இதை முதலில் கரைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். காஸ்டிக் போட்டு வெளுத்த பிறகு இடிடிஏ போட்டால், விழுந்த படிவு மறுபடி கரைய நாளாகும். பொறுமை இல்லாதவர்கள் அதற்குள் ஸ்லரியை ஊற்றிவிடுவார்கள்.

ஆனால் இங்கே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "இடிடிஏ போட்டாச்சு, இனி உப்புத் தண்ணியிலும் நுரைக்கும்" என்பார்கள். நுரைக்காது. வாங்கிப்போன அக்கா 5 மில்லி லிக்விடை 5 லிட்டர் போர் தண்ணீரில் கலக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 மில்லியில் இருக்கும் இடிடிஏ 9 மில்லிகிராம். அது பிடிப்பது இரண்டரை மில்லிகிராம் கடினத்தன்மை. பேசினில் இருப்பதோ 2700. இடிடிஏ பாட்டிலுக்குள் லிக்விடைத் தெளிவாக வைத்திருக்க மட்டும்தான். பேசினில் வேலை நடக்க வேண்டுமென்றால் கால்சியத்துக்கு அஞ்சாத சரக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்லரியிலிருந்து வரும் எல்ஏஎஸ் என்ற நுரைச் சரக்கு கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். எஸ்எல்இஎஸ், ஏஓஎஸ் என்ற வேறு இரண்டு நுரைச் சரக்குகளும் ரொம்பவே தாங்கும். ஆகவே மற்ற ஊர்களில் ஸ்லரி 10, எஸ்எல்இஎஸ் 5 என்று போட்டால், நம் ஊருக்கு ஸ்லரியைக் குறைத்து எஸ்எல்இஎஸ்ஸைக் கூட்ட வேண்டும். விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும், நுரை நிற்காத லிக்விடை இரண்டாவது முறை யாரும் வாங்கமாட்டார்கள்.

100 கிலோவுக்கு அளவு: 96 சதவீத ஆசிட் ஸ்லரி 7 கிலோ, எஸ்எல்இஎஸ் 70 சதவீதப் பேஸ்ட் 8 கிலோ, சிஏபிபி (நுரையை நிற்கவைக்கும் துணைச் சரக்கு) 2 கிலோ, காஸ்டிக் ஃபிளேக்ஸ் சுமார் 950 கிராம், இடிடிஏ மேலே போட்ட கணக்குப்படி, லெமன் வாசனை 200 கிராம், பிரிசர்வேட்டிவ் 100 கிராம், சொட்டுக் கலர், உப்பு கடைசியில் சோதித்து. மீதி தண்ணீர்.

இடிடிஏ கரைத்த தண்ணீரில் 45 லிட்டரைப் பெரிய டிரம்மில் எடுத்து, 850 கிராம் காஸ்டிக்கை அதில் தூவிக் கரையுங்கள். தண்ணீருக்குள்தான் காஸ்டிக் போக வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் டிரம் பக்கம் போகக் கூடாது, பக்கத்தில் ஒரு வாளி சுத்தத் தண்ணீர் இருக்க வேண்டும். கரைசல் ஆறிய பிறகு ஸ்லரியை நூல்போல் ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். இதையும் மாற்றிச் செய்யக் கூடாது. ஸ்லரிக்குள் காஸ்டிக்கை ஊற்றினால் நடுவில் கெட்டிக் களியாகி, சூடு உள்ளேயே அடைபட்டு, நிறம் கறுக்கும். இரும்பு டிரம்மும் கூடாது. ஸ்லரி இரும்பைத் தின்று பழுப்பேறும், அந்தப் பழுப்பு எந்தக் கலருக்கும் மறையாது.

ஸ்லரி முழுவதும் இறங்கிய பிறகு பிஎச் பார்த்தால் அமிலமாகவே இருக்கும். மீதி 100 கிராம் காஸ்டிக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் விடுவது, கலக்குவது, பிஎச் பேப்பரில் பார்ப்பது என்று 7-க்குக் கொண்டுவாருங்கள். மொத்தமாக ஊற்றிவிட்டு 10-க்குப் போனால் சிட்ரிக் ஆசிட் போட்டு இறக்க வேண்டிவரும். அதுவும் உப்பாகத்தான் சேரும்.

எஸ்எல்இஎஸ் பேஸ்ட்டை அதே டிரம்மில் தொப்பென்று போடாதீர்கள். அது 70 சதவீதத்தில் நெகிழ்வாக இருக்கும், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் இளகுவதற்குப் பதில் இன்னும் இறுகி ஜெல்லியாகும். வெளியே ஜெல்லி, உள்ளே பேஸ்ட் என்று உருண்டை உருண்டையாக நிற்கும், எந்த மிக்சரும் உடைக்காது. தனி டிரம்மில் 25 லிட்டர் தண்ணீர் வைத்து, கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, மூடி, ஒரு ராத்திரி ஊறவிட்டால் காலையில் மெதுவாகக் கலக்கினாலே கரைந்துவிடும். வேகமாக அடித்தால் காற்றுதான் ஏறும், அந்தக் குமிழி அடங்க இரண்டு நாள். பிறகு இரண்டு டிரம்மையும் சேர்த்து, சிஏபிபி, வாசனை, கலர் எல்லாம் போட்டு முடியுங்கள்.

இனி உப்பு. வேலூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில். உப்பு போடப்போட லிக்விட் கெட்டியாகும், ஒரு உச்சத்துக்குப் போகும், அதைத் தாண்டினால் மளமளவென்று தண்ணியாகும், கலங்கும். தண்ணியாகிவிட்டதே என்று இன்னும் ஒரு கை உப்பு போடுவார்கள், அதோடு பேட்ச் முடிந்தது. உச்சம் எங்கே என்று காகிதத்தில் எழுதிய ஃபார்முலா சொல்ல முடியாது, ஏனென்றால் உப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. டிடிஎஸ் 2000 உள்ள தண்ணீர் என்றால் 0.2 சதவீதம் அங்கேயே வந்தாச்சு. அடுத்து ஸ்லரி. விலை குறைவு என்று 90 சதவீத ஸ்லரி வாங்கினால் அதில் தனிக் கந்தக அமிலம் 5, 6 சதவீதம் வரை இருக்கும். அதை அடக்க 7 கிலோவுக்குக் காஸ்டிக் 1.15 கிலோ வரை பிடிக்கும், அடங்கியதும் 600 கிராம் சோடியம் சல்பேட்டாக டிரம்முக்குள்ளேயே நிற்கும். அதுவும் உப்பு வேலையைச் செய்யும். உப்புத் தண்ணியும் 90 ஸ்லரியும் சேர்ந்தால் நீங்கள் உப்பைத் தொடும் முன்பே உச்சத்துக்குப் பாதி வழி போயிருப்பீர்கள்.

அதனால் மொத்த டிரம்மில் கை வைக்காமல், 200 கிராம் வீதம் ஐந்து டம்ளர் எடுங்கள். 20 சதவீத உப்புக் கரைசல் ஒன்று தயார் செய்து, முதல் டம்ளரில் 3 கிராம், அடுத்ததில் 6, பிறகு 9, 12, 15 என்று விட்டுக் கலக்கி வையுங்கள். முறையே 0.3 முதல் 1.5 சதவீத உப்பு. மறுநாள் காலையில் ஒவ்வொன்றையும் சாய்த்துப் பாருங்கள். ஒன்று தேன் மாதிரி நூலாக இறங்கும், அதற்கு முந்தியது சற்று இளகலாக இருக்கும். அந்த முந்திய அளவுதான் உங்களுடையது. ஐந்தும் கெட்டியாகிக்கொண்டே போனால் 2 சதவீதம் வரை நீட்டிப் பாருங்கள். உச்சத்திலேயே நின்றால், அடுத்த பேட்சில் தண்ணீர் கொஞ்சம் மாறினாலும் சரிந்துவிடும். டிரம்முக்கும் உப்பைக் கரைசலாகத்தான் ஊற்ற வேண்டும். இந்தச் சோதனையை வாசனை போட்ட பிறகுதான் செய்ய வேண்டும், சில வாசனை எண்ணெய்கள் கெட்டியை இளக்கிவிடும். தாண்டிப்போன பேட்சை எறிய வேண்டாம். உப்பே போடாத புது பேட்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவிடலாம்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் சிமென்ட் ஷீட் கொட்டகைக்குள் பார்த்தால் எந்த லிக்விடும் தண்ணியாகத்தான் தெரியும். அப்போது கெட்டிக்காக உப்பு சேர்த்தால் மார்கழியில் அது கலங்கி நிற்கும். சோதனை டம்ளர்களை அதிகாலைக் குளுமையில் பார்ப்பது உத்தமம்.

பிரிசர்வேட்டிவ் என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஐசோதயசோலினோன் 1.5 சதவீதக் கரைசல். 100 கிலோவுக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம், கூடினால் கையில் அரிப்பு வரும். லிக்விட் நன்றாக ஆறி, பிஎச் 8-க்குக் கீழே வந்த பிறகே போட வேண்டும். சூட்டிலும் காரத்திலும் அது சிதைந்துபோகும். மூன்று வாரத்தில் லிக்விட் நாறினால் முதலில் பார்க்க வேண்டியது இதையும், கழுவாமல் நிரப்பிய பழைய பாட்டில்களையும்தான். சோடியம் பென்சோவேட் மலிவு என்று அதைப் போடுவதில் பயனில்லை, அது புளிப்பான பிஎச்-இல்தான் வேலை செய்யும்.

வெள்ளை பினாயில் பற்றிச் சுருக்கமாக: பினாயில் காம்பவுண்டை (தண்ணீரில் கலப்பதற்கென்றே விற்கும் கெட்டிச் சரக்கு) உப்புத் தண்ணியில் கலந்தால் பால் திரிந்ததுபோல் எண்ணெய் மேலே மிதக்கும். காவிரித் தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ கலந்தால் தொல்லை இல்லை. பாத்ரூம் சுவரில் போர் தண்ணீர் விட்ட வெள்ளைப் படிவுக்கு 5 சதவீத சிட்ரிக் ஆசிட் போதும். எந்த ஆசிட் கிளீனரையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். விற்கிறவர் இதைத் தமிழில் பெரிய எழுத்தில் லேபிளில் போடுவது கடமை.

இதே தண்ணீர்தான் ராணிப்பேட்டை, காட்பாடி பக்கத்து லேத் பட்டறைகளிலும் கூலன்ட் (இரும்பை வெட்டும்போது சூட்டைத் தணிக்கும் எண்ணெய்க் கலவை) டேங்குக்குள் போகிறது. கட்டிங் ஆயிலைத் தண்ணீருக்குள் ஊற்றிக் கலக்கினால் பால் மாதிரி வர வேண்டும். கடினத்தன்மை 400, 500 என்று இருந்தால் ஆயிலிலுள்ள சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து, டேங்க் மேல் மஞ்சள் ஆடையாகவும் குழாய் வாயில் பிசுக்காகவும் நிற்கும். ஆயில் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 50 மில்லி ஆயில் கலந்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அது பாலாகவே நின்றால் குறை உங்கள் போரில். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டேங்கிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், கால்சியம் அங்கேயே தங்கிவிடும். தினமும் போர் தண்ணீரை ஊற்றி மட்டத்தை நிரப்பினால் 300-இல் தொடங்கிய கடினத்தன்மை சில வாரத்தில் பல மடங்காகும். முதல் நிரப்புக்குப் போர் தண்ணீரே என்றாலும், தினசரி ஊற்றுவதற்காவது ஆர்ஓ தண்ணீர் எடுத்து, அதில் 1 முதல் 2 சதவீதம் ஆயில் கலந்து ஊற்றுங்கள். ஆயில் எத்தனை சதவீதம் என்று ரிஃப்ராக்டோமீட்டரில் வாரம் இரண்டு முறை பார்த்து, பிஎச் 8.5-க்குக் கீழே இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். திங்கட்கிழமை காலை மெஷினை ஓட்டியதும் அழுகிய முட்டை வாடை வந்தால், இரண்டு நாள் காற்றில்லாமல் கிடந்த டேங்கில் கிருமி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். மெஷினிலிருந்து கசிந்து மேலே மிதக்கும் ஹைட்ராலிக் ஆயில் படலத்தை சனிக்கிழமை சாயங்காலமே வழித்தெடுத்துவிட்டுப் போனால் அந்த வாடை பெரும்பாலும் வராது.