ஆடி முடியட்டும்

ஜூலை 24, 2025, வியாழன்

இங்கிலாந்தோடு இந்தியாவின் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. சாயங்காலத்திலிருந்து அண்ணன் ஃபோனும் கையுமாக இருக்கிறார். அமலுக்கு வர நாளாகும், தெரியும். ஆனால் நாங்கள் ஏற்றுமதி செய்யும் ஆடைகளுக்கு வரி போய்விட்டால் அங்கே பங்களாதேஷ்காரர்களோடு விலையில் சமமாக நிற்கலாம். அந்த ஊர் பையர்களை, அதாவது சரக்கு வாங்குகிறவர்களை, தெரிந்த ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்த அந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை.

ஜூலை 26, சனி

அவர் வந்தார். சம்பளம் போடும் நேரம், ஆபீஸில் ஒரே சத்தம், அதற்கு நடுவில் உட்கார்ந்து சொல்லிவிட்டார்: "சம்பளம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்லைங்க, கம்பெனில பங்கு வேணும்." எவ்வளவு என்று அண்ணன் கேட்டார். 15 சதவீதம்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. பங்கு கேட்பது நியாயம்தான். ஆனால் எதில் 15? அப்பா வாங்கிப்போட்ட இடத்திலா, மெஷின்களிலா, இனி அவர் கொண்டுவரப்போகும் ஆர்டரிலா? மூன்றும் ஒன்றல்ல.

ஜூலை 29, செவ்வாய்

தூக்கம் வராமல், அவர் பிடிக்கும் ஆர்டருக்குக் கமிஷன் எப்படிக் கொடுப்பது என்று கணக்கு. எஃப்.ஓ.பி. மதிப்பில், அதாவது கப்பலில் ஏற்றும்வரையான சரக்கு விலையில், 2 சதவீதம் என்றால் ஒரு கோடி ஆர்டருக்கு 2 லட்சம். அந்த ஆர்டரில் நமக்கு 6 லட்சம் நின்றால் சந்தோஷமாகக் கொடுக்கலாம், ஒன்றரை லட்சம்தான் நின்றது என்றால் கைக்காசைப் போட்டுக் கொடுக்க வேண்டும். விலையைக் குறைத்தால் யார் வேண்டுமானாலும் ஆர்டர் பிடிப்பார்கள். அதனால் ஆர்டர் மதிப்பின் மேல் கமிஷன் கூடாது, காஸ்டிங்கில் நூல், சாயம், ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை), தையல் எல்லாம் கழித்து மிஞ்சுவதில்தான் கொடுக்க வேண்டும். அதுவும் பணம் பேங்குக்கு வந்த பிறகு, டெபிட் நோட்டும் (பையர் பிடித்துக்கொள்ளும் தொகை) விமானச் சரக்குச் செலவும் போக. ஷிப்மெண்ட் போன அன்றே கேட்கக் கூடாது.

அப்புறம் ரிப்பீட் ஆர்டர். பையரை ஒரு தடவை கூட்டிவந்ததற்கு ஆயுசுக்கும் கமிஷனா? முதல் வருடம் முழுசாக, இரண்டாம் வருடம் பாதி, அதற்கு மேல் கிடையாது, ஏனென்றால் அதற்குள் பங்கு வந்துவிடும். அண்ணனிடம் காலையில் சொன்னேன். "அம்மிணி, அந்தாளு நாளைக்கே வேற கம்பெனிக்குப் போனா என்ன பண்ணுவே?" என்றார். பதில் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அமெரிக்கா நம் சரக்குக்கு 25 சதவீதம் வரி. 7-ஆம் தேதியிலிருந்து.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ஆடியில கையெழுத்து எதுவும் வேண்டாம் கண்ணு." சரி. ஆடி முடியட்டும். யோசிக்க எனக்கும் நாள் வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடிட்டர் ஆபீஸில் நெடுநேரம். அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது போன்ற கூட்டு நிறுவனத்தில் பார்ட்னருக்குக் கொடுக்கும் சம்பளம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் வரிக்கணக்கில் செலவாக ஒத்துக்கொள்வதற்கு உச்சவரம்பு உண்டு. முதல் 6 லட்சம் லாபத்தில் 90 சதவீதம் அல்லது 3 லட்சம், எது அதிகமோ அது. அதற்கு மேல் 60 சதவீதம். லாபம் 20 லட்சம் என்றால் உழைக்கும் பார்ட்னர்கள் எல்லோருக்கும் சேர்த்தே 13.8 லட்சம். லாபமே நிற்காத வருடம் என்றால் 3 லட்சம்தான். அண்ணனும் நானும் எடுப்பது போக அவருக்கு என்ன மிஞ்சும்? இந்த ஏப்ரலிலிருந்து பார்ட்னர் சம்பளம் வருடத்துக்கு 20,000 தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் முதல் வருடம் சம்பளக்காரராகவே இருக்கட்டும் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, வரிக்காக மட்டும் இல்லை. ஒரு வருடம் கூட வேலை செய்யாமல் யாரையும் தெரியாது.

பங்கு எழுதும் நாளில் இடம், கட்டடம், மெஷின் எல்லாவற்றையும் அன்றைய விலைக்கு மதிப்புப் போட்டு, ஏறியிருக்கும் தொகையை என் கணக்கிலும் அண்ணன் கணக்கிலும் வரவு வைத்துவிட வேண்டும். அதற்குப் பின் வளர்வதில்தான் அவருக்குப் பங்கு. ராத்திரியெல்லாம் மண்டையைக் குடைந்ததற்கு இவ்வளவுதான் வழியா என்று இருந்தது. அப்பா சேர்த்தது அப்பா சேர்த்ததாகவே நிற்கும்.

கூட்டுப் பத்திரத்தில் லாப விகிதத்தையும் சம்பளத்தையும் எழுதாமல் விட்டால் சட்டப்படி லாபம் மூன்று பேருக்கும் சமம், யாருக்கும் சம்பளமும் கிடையாது. 1932-ஆம் வருடத்துச் சட்டம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

27-ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25. மொத்தம் 50. கட்டிங் முடிந்த சரக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. தையல் லைனில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவர் வேறு கம்பெனிக்குப் போனால் என்ன செய்வது? மறுபடியும் அதேதான். போகிறவர் பையரையும் கூட்டிக்கொண்டு போவார்.

இன்று ஆடிட்டரோடு வக்கீலும் ஃபோனில் இருந்தார். வக்கீல் சொன்னது நான் நினைத்ததற்கு நேர்தலைகீழாக இருந்தது. சம்பளக்காரரிடம், வேலையை விட்ட பிறகு இதே தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கினாலும் செல்லாது, ஒப்பந்தச் சட்டம் அதை அனுமதிக்காது. ஆனால் விலகும் பார்ட்னர் குறிப்பிட்ட காலத்துக்கோ குறிப்பிட்ட எல்லைக்குள்ளோ அதே தொழில் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தால், கட்டுப்பாடு நியாயமாக இருக்கும்வரை அது செல்லும். பங்கு கொடுத்தால் ஆள் கையை விட்டுப் போய்விடுவார் என்று பயந்துகொண்டிருந்தோம். பங்கு கொடுத்தால்தான் கொஞ்சமாவது பிடிமானம் இருக்கும் போலிருக்கிறது.

பெங்களூரில் இருக்கும் பெரியம்மா பையனும் ஃபோன் செய்தான். அவர்கள் கம்பெனிகளில் பங்கை நாலு வருடத்தில் பிரித்துக் கொடுப்பார்களாம், முதல் வருடம் முடியாமல் போனால் ஒன்றுமில்லை. அதையே பத்திரத்தில் நம் பாணியில் எழுதலாம்: இரண்டாம் வருடம் 4 சதவீதம், மூன்றாம் வருடம் 7, நாலாம் வருடம் 10. 15 இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி 1. அவரும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். 10-ஐச் சொன்னேன், நாலு வருடக் கணக்கைச் சொன்னேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கேட்டார்: "அக்கா, பேங்க் கடனுக்கு இவரும் பொறுப்பாகணுமுங்களா?"

இத்தனை நாளில் நானும் அண்ணனும் பேசாத ஒரே விஷயம். மறைக்காமல் சொன்னேன். பார்ட்னர் ஆவதற்கு முந்தைய கடனுக்கு அவர் பொறுப்பில்லை, பேங்க் தனியாகக் கையெழுத்துக் கேட்காதவரை. ஆன பிறகு வாங்குவதற்கு 10 சதவீதப் பங்காளியும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. நட்டத்தில் பங்கில்லை என்று நமக்குள் எழுதிக்கொள்ளலாம், பேங்க் அதைப் பார்க்காது. இந்த நிலைமையில், 50 சதவீத வரியோடு, இரண்டு பெண் குழந்தைகளை வைத்திருப்பவரிடம் அதைச் சொல்லும்போது தொண்டை அடைத்தது. ஆனாலும் சொல்லாமல் கையெழுத்து வாங்க மாட்டேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

பருத்தி இறக்குமதி வரியை செப்டம்பர் கடைசிவரை எடுத்திருக்கிறார்கள். நூல் விலை இறங்குமா பார்க்கலாம். அவரிடமிருந்து ஃபோன் இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

ஃபோன் இல்லை. சம்பளம் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. இன்றிலிருந்து அமெரிக்க வரி 50. காலையில் அவர் ஃபோன் செய்தார். சம்பளக்காரராக அடுத்த மாதமே சேருகிறாராம். பங்கு இரண்டாம் வருடம்தான், ஆனால் கூட்டுப் பத்திரமாக வேண்டாம், அதற்குள் எல்.எல்.பி.யாக (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு) மாற்ற முடியுமா என்கிறார். அதில் பார்ட்னரின் சொந்தச் சொத்துக்குக் கடன் வராது. அந்த அம்மாதான் விசாரித்திருப்பார். நல்ல கேள்வி.

அண்ணன் "பேங்க்காரன் எப்படியும் தனிக் கையெழுத்துக் கேப்பான்" என்கிறார். இருக்கலாம். அவரிடம் மட்டும் கேட்காமல் எங்கள் இருவர் கையெழுத்தோடு நிறுத்துவார்களா என்று மேனேஜரிடம் கேட்கலாமே.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மேனேஜர் லீவு. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். எல்.எல்.பி. ஆக்கினால் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிச் சரக்கு செய்ய பேங்க் தரும் கடன்) லிமிட்டைப் புதிதாகப் போட வேண்டுமா, இருப்பதையே மாற்றித் தருவார்களா, அதையும் கேட்க வேண்டும். லண்டன் சாம்பிளுக்குத் துணி இன்னும் வரவில்லை.