அம்மம்மாவின் கணக்குக் கொப்பி

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் மூன்று தரம் கேட்டுவிட்டார். அதிபரைப் பற்றியும் கிரிக்கெட் அணியைப் பற்றியும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் என் அம்மம்மாவைப் பற்றி எழுதுகிறேன். பள்ளி விட்டதும் நம் வகுப்பில் பாதிப்பேருடைய கால் போனது அவருடைய குசினிக்குத்தானே.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கை. ரயில் போனால் யன்னல் அதிரும். உப்புக்காற்றில் இரும்பு எதுவும் தங்காது. கேற் பூட்டுக்கு அம்மம்மா வெள்ளிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய் விடுவார். லிகிதராக இருந்த அம்மப்பா இறந்தபோது அம்மம்மாவுக்கு வயது 34. ஊருக்கு வா, தமையன் வீட்டில் ஓர் அறை இருக்கிறது என்று சொந்தக்காரர் கூப்பிட்டார்களாம். "அறை இருக்கு சரி, திறப்பு ஆரிட்ட இருக்கும்?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த இளைஞர்கள் நாலைந்து பேராய்ச் சேர்ந்து ஒரே வீட்டில் தங்கி, சமறி போட்டிருந்த காலம் அது. அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கினார். காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் கேரியரில் சோறு. 1970களின் நடுப்பகுதியில் அரிசிக்குத் தட்டுப்பாடு, பாணுக்கு விடியமுன்னமே வரிசை. அப்போது மரவள்ளிக்கிழங்கை அவித்து, கட்டைச் சம்பலோடு அனுப்பினார். முகம் சுளித்த ஒருவருக்கு அடுத்த நாள் கேரியர் போகவில்லை.

அந்தக் கேரியர்களைச் சைக்கிளில் கொண்டுபோவது எனக்கு வெட்கம். வகுப்புப் பெடியன்கள் கண்டுவிடுவார்களே என்று தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பேன். அதைக் கவனித்துவிட்டார். "காசு குடுத்துத்தானேடா சாப்பிடுறாங்கள், நான் என்ன பிச்சையே எடுக்கிறன்?"

அப்பாவுக்கு மலைநாட்டில் வேலை, அம்மாவும் அங்கேதான். என் றிப்போட்டில் ஒப்பம் வைப்பது அம்மம்மா. ஒருமுறை வகுப்பாசிரியர், தகப்பனின் ஒப்பம்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் குடையோடு அம்மம்மா வகுப்பு வாசலில் நின்றார். "சோறு போடுறது நான், ஒப்பமும் நான்தான் போடுவன், சேர்." நாற்பது பெடியன்கள் மூச்சுவிடவில்லை. சேர் பேனையை எடுத்துக் கொடுத்தார்.

கணக்கு எழுத அவர் புதுக் கொப்பி வாங்கியதே கிடையாது. என் பழைய கொப்பிகளில் மிஞ்சிய தாள்களில்தான் எழுதுவார். சரித்திரக் கொப்பியில் முன்பக்கம் எல்லாளன், பின்பக்கம் கருவாடு, தேங்காய், மண்ணெண்ணெய்.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. தமிழருக்கு எதிரான கலவரம். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா மதிலுக்கு மேலால் எங்களைத் தன் வளவுக்குள் எடுத்தார். அம்மம்மாவின் கையில் ஒரு பை மட்டும். பிறகு ரத்மலானை விமான நிலைய முகாமில் அதைத் திறந்து பார்த்தேன். வீட்டுத் திறப்பு, கூப்பன் புத்தகம், அந்தச் சரித்திரக் கொப்பி. நகைப்பெட்டி இல்லை. கோபத்தில் கத்திவிட்டேன். "நகை திரும்ப வாங்கலாம். கணக்கு எனக்கு மட்டும்தானே தெரியும்" என்றார்.

கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். மூன்று மாதம்கூட அவர் ஊரில் இருக்கவில்லை. யாழ்தேவி ரயிலில் ஏறித் திரும்பிவிட்டார். சுவர் கறுத்து, கூரை பாதி போயிருந்த வீட்டுக்கு.

பின்னாளில் லண்டனுக்குக் கூப்பிட்டேன். வந்தார், ஆறு மாத விசாவில் ஆறு கிழமை இருந்தார். குளிர் ஒத்துவரவில்லை என்று நண்பர்களிடம் சொன்னேன். உண்மை வேறு. நானும் மனைவியும் காலையில் வேலைக்குப் போய்விடுவோம். பின்னேரம் வரும்வரை அவர் யன்னலோரம் இருப்பார். வாசல் திறப்பு இரண்டுதான், இரண்டும் எங்களிடம். அவருக்கென்று ஒன்று வெட்டிக் கொடுக்க எனக்குத் தோன்றவேயில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்கிற ஆளில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதே ஒழுங்கையில்தான் கண்ணை மூடினார். கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. கடைசித் தாளில் வராத கடன்கள். அதில் நம் வகுப்புக்காரர் இருவருடைய பெயரும் உண்டு, இருவரும் இந்த மலரை வாசிப்பார்கள். ஒருவர் 7 ரூபா 50 சதம், மற்றவர் 12 ரூபா. பெரிய தொகைக்காரரின் கணக்கில் இரண்டு கோழிக்குழம்பைச் சேர்க்கவில்லை என்று அம்மம்மா பக்கத்தில் குறித்திருக்கிறார்.