சுனாமிக்குப் பின் பிறந்தவர்கள்: தேவனாம்பட்டினத்தில் ஒரு படத்தொடர்

கடலூர் தேவனாம்பட்டினத்துக்குக் கேமரா புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று மாவட்டத்தில் ஏறத்தாழ 600 உயிர்களைக் கடல் கொண்டுபோனது. அதன்பின் ஒவ்வொரு டிசம்பரிலும் கடலில் பால் ஊற்றி அழும் பெண்களின் படம் நாளிதழ்களில் வருகிறது. அந்தப் பெண்களின் வீடுகளில் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறார்கள். அழுகையைத் தவிர வேறொன்றையும் அந்த ஊரிலிருந்து யாரும் கேட்பதில்லையே என்ற ஆதங்கத்தில்தான் அவர்களைப் பற்றிய புகைப்படத் தொடரைத் தொடங்கினேன்.

முதல் வேலை ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்ப்பது. மீனவ ஊர்களில் அவர்கள் சம்மதம் இல்லாமல் தெருவில் நின்று படம் எடுப்பது மரியாதையும் அல்ல, நடக்கிற காரியமும் அல்ல. ஒரு பெரியவர் கேட்டார்: “படத்தை எங்கே வைப்பீர்கள்? யார் பார்ப்பார்கள்? அதில் யாருக்குப் பணம் வரும்?” ஆவணப் புகைப்படக் கலை பற்றி நான் கேட்ட எந்த வகுப்பிலும் இவ்வளவு சரியான கேள்விகள் எழுந்ததில்லை. படங்கள் முதலில் இந்த ஊரில்தான் வைக்கப்படும், விற்பனை கிடையாது என்று எழுதிக் கொடுத்தேன். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்தும் வாங்கினேன்.

படமெடுக்க நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும். மற்ற மாதங்களில் பேச நேரமில்லாதவர்கள் அப்போது வலை பழுது பார்த்தபடி மணிக்கணக்கில் பேசுவார்கள். வெயில்தான் கொடுமை. காலை எட்டு மணிக்கு மேல் மணலின் வெளிச்சம் முகங்களைத் தின்றுவிடும். ஆகவே விடியலிலும் மாலையிலும் மட்டும் எடுத்தேன். 35 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும் என்று முடிவு செய்தேன். அருகில் போகாமல் அதில் முகம் கிடைக்காது. பேசாமல் அருகில் போக முடியாது.

பையன்கள் கேமராவைக் கண்டதும் நிற்கும் விதத்தை முன்பே முடிவு செய்து வைத்திருந்தார்கள். தலைமுடி, கண்ணாடி, பைக். இயல்பாக இருங்கள் என்று நான் சொல்லவில்லை. தன்னை எப்படிக் காட்டவேண்டும் என்று ஒருவன் தேர்ந்தெடுப்பதும் அவனைப் பற்றிய உண்மைதான். மாசி மகத் தீர்த்தவாரிக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் இந்தக் கடற்கரைக்கு வரும்போது ஒரே நிற டி-ஷர்ட்டில் அணியாக வந்தவர்களை, அவர்கள் நின்றபடியே எடுத்தேன்.

பெண்களிடம் காரியம் மெதுவாக நடந்தது. செவிலியர் படிப்பில் இருக்கும் ஒரு பெண், அம்மாவின் மீன்கூடைக்குப் பக்கத்தில் நிற்க மறுத்தாள். “தொழிலை மறைக்கவில்லை அக்கா. கூடையோடு நின்றால் எல்லோரும் கூடையைத்தான் பார்ப்பார்கள். நான் படித்தது யார் கண்ணிலும் படாது” என்றாள். இடத்தை நீயே சொல் என்றேன். சில வாரம் கழித்து, தானும் அம்மாவும் ஒன்றாக ஏறும் ஷேர் ஆட்டோவைக் காட்டினாள். பின்னால் கூடை, முன்னால் மடித்த வெள்ளைக் கோட்டு மடியில் கிடக்க அவள், அடுத்த இருக்கையில் அம்மா. தொடரில் இதைவிட நல்ல படம் இல்லை. அதன் சட்டகத்தைத் தீர்மானித்தது அவள்தான்.

கடினமான கட்டம் தேர்வு. அஞ்சலட்டை அளவில் பிரதி எடுத்து, வலை பழுது பார்க்கும் கூடத்தின் தரையில் பரப்பி, படத்தில் இருப்பவர்களையும் அவர்கள் வீட்டாரையும் அழைத்தேன். வலைக்குவியல் மேல் ஒரு பையன் உறங்கும் படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவன் அம்மா அதைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்தார். கண்மூடிய பிள்ளையை வலைமேல் பார்க்க அவரால் முடியவில்லை. அவர் எதை நினைத்தார் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் படத்தைத் தொடரிலிருந்து நீக்கிவிட்டேன். எடுக்கும்போது தந்த சம்மதம் வேறு, காட்டும்போது தரும் சம்மதம் வேறு. இரண்டாவதைக் கேட்காத புகைப்படக்காரரை நான் இப்போது நம்புவதில்லை.

படவிளக்கங்களையும் அவர்களே சொன்னார்கள். ‘மீனவர் மகன்’ என்ற சொல் போதாது என்றான் ஒருவன். அவன் வாரமெல்லாம் சிப்காட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி, ஞாயிறன்று அப்பாவின் படகில் கடலோடி. இரண்டையும் எழுதினோம்.

உப்புக்காற்றில் தாள் சுருண்டுவிடும் என்பதால் படங்களை சன்போர்டு என்னும் இலேசான பலகையில் ஒட்டி, பளபளப்பில்லாத லேமினேஷன் போட்டு, அதே வலைக்கூடத்தில் வைத்தோம். பிறகு ஓர் இதழ் தொடரைக் கேட்டது. ஆனால் டிசம்பருக்கு ஏற்றாற்போல் ‘சோகமான நான்கைந்து’ மட்டும் போதும் என்றது. அதற்காக எடுத்த தொடர் அல்ல இது என்று மறுத்துவிட்டேன்.

கண்காட்சி முடிந்ததும் பலகைகளை அவரவர் வீட்டுக்குக் கொடுத்தேன். கோப்புகளின் ஒரு பிரதி ஊர்ப் பஞ்சாயத்திடம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் தன் படத்தை விலக்கிக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். திருமணம் நிச்சயமான ஒரு பெண் அண்மையில் அப்படிக் கேட்டாள். காரணம் கேட்கவில்லை, அந்தப் படம் இப்போது தொடரில் இல்லை.